தைராய்டு கூடி இதயம் ஓடினால்: நாடி எண்ணுவதும் மருந்து எடுப்பதும்

நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு கரைகிறது என்று யாராவது சொன்னால், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் முதலில் வரும் கேள்வி "இனிப்பு நீர் செக் பண்ணியா?" என்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் சர்க்கரை சரியாக இருந்துவிட்டால் அதோடு விட்டுவிடுகிறோம். பிரஷராக இருக்கும், மாதவிடாய் நிற்கிற வயசு, மகன் வேலை கிடைக்காமல் இருக்கிற கவலை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

எனக்கு முப்பது வயதுவாக்கில் இந்த நோய் வந்தது, என் அம்மாவுக்கு அறுபது தாண்டி வந்தது. ஒரே நோய், ஆனால் பார்த்தால் இரண்டும் வேறு வேறு மாதிரி. எனக்கு எல்லா அறிகுறியும் இருந்தது: ஃபேன் அடியில் உட்கார்ந்தாலும் வியர்வை, தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம், கையில் கோப்பி கிளாஸ் ஆடும். அம்மாவுக்கு இதில் ஒன்றுமே இல்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய் வருஷக்கணக்காகப் பால் மரம் வெட்டிய மனுஷி, சும்மா சோர்ந்து போனார், சாப்பாடு குறைந்தது, ரவிக்கை தொளதொளவென்று ஆனது, லயத்திலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வயசாகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வயதானவர்களுக்கு தைராய்டு கூடும்போது பெரும்பாலும் இப்படித்தான் சத்தமே இல்லாமல் வரும்: எடை குறையும், மூச்சு வாங்கும், நாடி தாறுமாறாக ஓடும், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஈசிஜி எடுத்தபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள், அதாவது இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பது. அதற்குப் பிறகுதான் தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். படபடப்பு நின்றதும் நோய் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். படபடப்பை அடக்குகிற மாத்திரை வேறு, தைராய்டைக் குறைக்கிற மாத்திரை வேறு. இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

இதயத்துக்கு என்ன ஆகிறது

தைராய்டு சுரக்கும் டி4 என்ற ஹார்மோன் உடம்புக்குள் டி3 ஆக மாறுகிறது. அந்த டி3 இதயத் தசைக்குள்ளேயே போய் வேலை செய்கிறது, துடிப்பின் வேகமும் கூடும், ஒவ்வொரு துடிப்பின் பலமும் கூடும். அதோடு கை கால்களில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்களை விரித்துவிடும். குழாய் விரிந்ததும் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ள, ரத்தத்தின் அளவும் கூடுகிறது. இப்படி எல்லாம் சேர்ந்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தம் சாதாரணத்தைவிட ஒன்றரை மடங்கு, மோசமானவர்களுக்கு அதற்கும் மேலே போய்விடும். மோட்டாரில் ஐட்லிங்கை ஏற்றிவிட்டு ராத்திரி பூராவும் வாசலில் ஓடவிட்ட மாதிரி, ஓய்வே கிடையாது. பிரஷர் மெஷினில் மேல் எண் ஏறி, கீழ் எண் இறங்கி, 150-க்கு 60 என்பது போல இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால் அதுவும் ஒரு துப்பு.

இப்படி மாதக்கணக்கில் ஓடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம். தைராய்டு நன்றாகக் கூடியவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு இது வருகிறது, அறுபது தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகம். அந்த நடுக்கத்தில் மேல் அறைக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இன்னொரு பக்கம் இதயம் களைத்துப் போய் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். நல்ல விஷயம் என்னவென்றால், நேரத்தோடு தைராய்டைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் இதில் பெரும்பகுதி திரும்பச் சரியாகும். இதய நோய்களில் இப்படிச் சொல்லக்கூடியவை ரொம்பக் கொஞ்சம்.

இந்தத் தொடர்பு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கேலப் பாரி என்ற ஆங்கிலேய மருத்துவர் கழுத்து வீக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் சேர்த்தே எழுதி வைத்தது, அவர் இறந்த பிறகு 1825-இல் வெளிவந்தது. பத்து வருஷம் கழித்து, 1835-இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதினார், அவர் பெயரில்தான் இன்று கிரேவ்ஸ் நோய் என்கிறோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடுகிற நோய் அது, கூடுதலான தைராய்டுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வயதானவர்களுக்குக் கழுத்தில் கட்டி வந்து அது தானாகச் சுரப்பதும் உண்டு. தைராய்டு வீக்கம் கண்டு, உள்ளே சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் மொத்தமாகக் கசிவதும் உண்டு, பிள்ளை பெற்ற சில மாதங்களில் சிலருக்கு வருவது இந்த வகை. இதற்குத் தைராய்டைக் குறைக்கும் மாத்திரை உதவாது, தானாக அடங்கும். அதனால் "எனக்கு எந்த வகை?" என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரை உங்களுக்குச் சேராமல் போவதற்குக் காரணமே இதுதான்.

முதலில் நாடி எண்ணப் பழகுங்கள்

காசு செலவில்லாதது, மெஷின் வேண்டாம். காலையில் எழுந்து, கோப்பி குடிக்கும் முன், ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டு எலும்பை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கும், அங்கே அடுத்த கையின் மூன்று விரலை லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு, குழப்பிவிடும். அழுத்திப் பிடித்தால் நாடி காணாமல் போகும், விரலைத் தளர்த்தினால் திரும்ப வரும். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவதெல்லாம் சீராக ஓடுகிற நாடிக்குச் சரிப்படும், தாறுமாறாக ஓடுகிற நாடிக்குச் சரிவராது.

எண்ணும்போதே ஒழுங்கையும் கவனியுங்கள். டக், டக், டக் என்று ஒரே இடைவெளியில் வருகிறதா, இல்லை இரண்டு சேர்ந்தாற்போல வந்து, ஒன்று விட்டுப்போய், அப்புறம் மூன்று அவசரமாக ஓடுகிறதா? அம்மாவின் கையை முதன்முதலில் நானே பிடித்து எண்ணியபோது எந்தத் தாளத்திலும் அடங்கவில்லை, அடுத்த அடி எப்போது விழும் என்று சொல்லவே முடியவில்லை. அப்படி இருந்தால் எண்ணிக்கை 80-ஆக இருந்தாலும் சரி, அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி நாடியில் சில துடிப்புகள் மணிக்கட்டுவரை வந்து சேராது, அதனால் உண்மையான வேகம் நீங்கள் எண்ணியதைவிட அதிகமாக இருக்கலாம். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரும் இங்கே ஏமாற்றும்.

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 60-லிருந்து 100 வரை சாதாரணம். உட்கார்ந்த இடத்திலேயே நாளுக்கு நாள் 100-க்கு மேலே நிற்கிறது என்றால் காரணம் தேட வேண்டும். பயத்தினால், கவலையினால் வருகிற படபடப்பு தூங்கும்போது இறங்கிவிடும். தைராய்டினால் வருவது தூக்கத்திலும் முழுசாக இறங்காது. வீட்டில் யாரையாவது விடிகாலையில், நீங்கள் தூங்கும்போது, மெதுவாகக் கையைப் பிடித்து எண்ணச் சொல்லுங்கள். தூக்கத்திலும் 90-க்கு மேலே இருந்தால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். தேதி, நாடி, சீராக இருக்கிறதா இல்லையா, வாரத்துக்கு ஒரு தடவை எடை. ஃபாலோ அப்புக்குப் போகும்போது அதை எடுத்துப்போங்கள். டாக்டர் உங்களைப் பார்க்கிற பத்து நிமிடத்தில் வாயால் சொல்கிற "இப்ப பரவால்ல டாக்டர்" என்பதைவிட, அந்த ஒரு பக்கம் அவருக்கு நிறையச் சொல்லும்.

ரத்தம் எடுக்கும் முன்

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க கிளினிக்கில், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், அதனால் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. எடுக்க வேண்டியது டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளைப் பக்கமிருந்து வருகிற ஹார்மோன்), ஃப்ரீ டி4 இரண்டும். தைராய்டு கூடியிருந்தால் டிஎஸ்எச் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும், டி4 ஏறியிருக்கும். சிலருக்கு டி4 சரியாக இருந்து டி3 மட்டும் ஏறும், அதனால் டிஎஸ்எச் மட்டும் இறங்கியிருந்தால் டி3-யும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிரேவ்ஸ் நோயா என்று தெரிய ஆன்டிபாடி பரிசோதனை தனியாக உண்டு, அதைப் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பெண்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். தைராய்டு கூடினால் முடி கொட்டும், முடி கொட்டினால் ஃபார்மசியில் பயோட்டின் வாங்கிச் சாப்பிடுகிறோம். அந்தப் பயோட்டின், சில லேப் மெஷின்களில் டிஎஸ்எச்-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும், அதாவது நோய் இல்லாதவருக்கும் நோய் இருக்கிற மாதிரி, மருந்தில் குணமாகி வருகிறவருக்கும் இன்னும் கூடியிருக்கிற மாதிரி. ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்துங்கள், அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் இன்னும் முன்னால். நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லவும் வேண்டும்.

பாசார் மாலாமில் விற்கிற உடம்பு இளைக்கிற மாத்திரை, ஜாமு, டின்னில் வருகிற கடல்பாசி மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். இளைக்க வைக்கிறேன் என்று விற்பதில் சிலவற்றில் இதயத்தை ஓடவைக்கிற மருந்தைக் கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். டப்பாவில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இல்லை என்றால் வாயில் வைக்காதீர்கள்.

இரண்டு மாத்திரை, இரண்டு வேலை

முதல் மாத்திரை புரோபனலோல் மாதிரியான பீட்டா பிளாக்கர். இது படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கும், ஓரிரு நாளில், சிலருக்கு ஒரு மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். தைராய்டின் சுரப்பை இது நிறுத்தாது. ஆஸ்துமா இருந்தால் இதைத் தொடக் கூடாது, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், டாக்டர் வேறு வழி பார்ப்பார். இனிப்பு நீருக்கு ஊசி போடுகிறவர்களுக்கு இன்னொன்று: சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் தெரியும். வியர்த்தால் உடனே சர்க்கரை பாருங்கள்.

இரண்டாவது மாத்திரை கார்பிமாசோல். உண்மையான வைத்தியம் இதுதான். தைராய்டு புதிதாக ஹார்மோன் செய்வதை இது தடுக்கிறது, ஆனால் ஏற்கெனவே செய்து சேர்த்து வைத்திருப்பதை ஒன்றும் செய்யாது. அந்தச் சேமிப்பு தீர சில வாரம் ஆகும். மூன்று வாரம் சாப்பிட்டும் ஒன்றும் குணமில்லை என்று நிறுத்துகிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள், சேமிப்பு தீரப்போகிற நேரத்தில். பொறுங்கள். பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு வாரத்தில் டி4 இறங்கிவிடும். டிஎஸ்எச் மட்டும் இன்னும் சில மாதம் அடியிலேயே கிடக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆரம்பத்தில் டாக்டர் டோஸ் மாற்றுவது டி4-ஐப் பார்த்துத்தான்.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 15-லிருந்து 40 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். மாத்திரை 5 மில்லிகிராமாகக் கிடைத்தால் கையில் ஆறு, எட்டு மாத்திரை குவியும். அதைப் பார்த்து மலைத்துப்போய்ப் பாதியைத் தானாகவே குறைக்கிற ஆட்கள் உண்டு, குறைக்காதீர்கள். இறங்க இறங்க டாக்டரே குறைத்து, கடைசியில் ஒன்று இரண்டில் கொண்டுவந்து நிறுத்துவார். கிரேவ்ஸ் நோய்க்கு மொத்தம் 12-லிருந்து 18 மாதம் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நிறுத்தினாலும் பாதிப் பேருக்குத் திரும்ப வரும், அது உங்கள் குற்றமில்லை.

இந்த மாத்திரையில் ஆபத்தான ஒன்று உண்டு, எங்கள் ஊர் மாதிரி டெங்கி சுற்றுகிற இடத்தில் இதைத் தெரிந்தே ஆக வேண்டும். ஆயிரத்தில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வெள்ளை அணுக்கள் திடீரென்று மறைந்துவிடும். காய்ச்சலும் தொண்டை வலியும் வாய்ப்புண்ணும்தான் அடையாளம். எஸ்டேட்டில் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடுவோம், மூன்றாம் நாள் டெங்கியா என்று பார்ப்போம். கார்பிமாசோல் சாப்பிடுகிறவர் அப்படிக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் வந்த அன்றைக்கே கார்பிமாசோலை நிறுத்திவிட்டு, கிளினிக்கோ எமர்ஜென்சியோ, ராத்திரி என்றாலும் போங்கள், "தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன், வெள்ளை அணு பார்க்க வேண்டும்" என்று கவுன்டரிலேயே சொல்லுங்கள். டெங்கிக்கு எடுக்கிற அதே ரத்தப் பரிசோதனையில் இதுவும் தெரிந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். கண் மஞ்சளானாலும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போனாலும் இதே அவசரம்தான். வெறும் அரிப்பு வந்தால் அது வேறு, நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லலாம்.

பிள்ளை பெற நினைக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்கு கார்பிமாசோலுக்குப் பதிலாகப் பிடியு என்ற மாத்திரைதான் கொடுப்பார்கள். நாள் தள்ளிப்போனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு இருக்காதீர்கள், அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

நாடி தாறுமாறாக ஓடுகிறவர்களுக்கு

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் பீட்டா பிளாக்கரோடு, ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் பார்ப்பார். வயது, பிரஷர், இனிப்பு நீர், முன்னால் பக்கவாதம் வந்ததா என்பதை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுப்பார். அந்த வகையில் வார்ஃபரின் என்ற மாத்திரையைக் கொடுத்தால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். தைராய்டு கூடியிருக்கும்போது ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் கொஞ்சம் வார்ஃபரினே அதிகமாக வேலை செய்யும். கார்பிமாசோல் சாப்பிட்டு தைராய்டு இறங்க இறங்க அதே டோஸ் போதாமல் போகும். ஆகவே அந்தச் சில மாதங்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது, மழை பெய்தாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி.

நெஞ்சில் ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்வதை, ஆள் நிலையாக இருந்தால், தைராய்டு சரியாகும்வரை பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். அவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள். தைராய்டு கூடியே இருந்தால் ஷாக் கொடுத்தாலும் திரும்பக் கெட்டுவிடும். தைராய்டு இறங்கியதும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சில மாதத்தில் தானாகவே சீராகிவிடுகிறது. அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது, நோட்டில் "சீராக இல்லை" என்று எழுதி எழுதி வந்த இடத்தில் ஒரு காலையில் நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு "சீர்" என்று எழுதினேன். அப்படிச் சீரானாலும் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, அந்த முடிவு டாக்டருடையது.

அமியோடரோன் என்று இதய மாத்திரை ஒன்று இருக்கிறது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின், நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அதில் ஒரு துளிகூட இல்லை. அதுவே தைராய்டைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். இதயத்துக்காக அதைச் சாப்பிடுகிற தாத்தா பாட்டிகள் வீட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள்.

இருமல் சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை வாங்கும்போதும் ஃபார்மசியில் தைராய்டு என்று சொல்லுங்கள், சில மாத்திரை இதயத்தை விரட்டும். கடுங்கோப்பியும் எனர்ஜி டிரிங்கும் தைராய்டு அடங்கும்வரை வேண்டாம்.

காவடி, விரதம், வெயில்

இதைச் சொன்னால் சிலருக்கு மனசு கஷ்டப்படும், ஆனாலும் சொல்கிறேன். டி4 இன்னும் ஏறியிருக்கிற உடம்போடு தைப்பூசத்துக்குக் கல்லுமலையிலோ பத்துமலையிலோ காவடி எடுக்காதீர்கள். தோளில் பாரம், வெயில், வெறும் வயிறு, தூக்கமில்லாத ராத்திரி, அதன்மேல் பத்துமலையில் 272 படி, இத்தனையையும் ஏற்கெனவே ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற இதயத்தின்மேல் ஏற்றக் கூடாது. வேண்டுதலை ஒரு வருஷம் தள்ளிவைத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விரதம் இருக்கலாம், மாத்திரையை விட்டுவிட்டு இருக்கக் கூடாது. கார்பிமாசோலைப் பெரும்பாலும் ஒரு வேளையாக எடுத்துக்கொள்ளலாம், பீட்டா பிளாக்கரிலும் நாளுக்கு ஒன்று போதுமான வகை உண்டு, விரதம் தொடங்கும் முன்னே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் எகிறிவிடும்.

செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், மட்டை இழுக்கிறவர்கள் மண்டோரிடம் சொல்லி முதல் சில வாரம் இலேசான வேலை கேளுங்கள், எம்சி தேவை என்றால் டாக்டர் எழுதித் தருவார். உடம்பு உள்ளேயே சூடாகிக்கொண்டிருக்கும்போது பத்து மணி வெயில் சாதாரண வெயில் இல்லை.

ஆண்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ராத்திரி விருந்தில் சோறும் இனிப்பும் நிறையச் சாப்பிட்டு, அல்லது கடுமையாக வேலை செய்துவிட்டுப் படுத்து, விடிகாலையில் எழும்போது இரண்டு காலும் அசையவில்லை என்றால், பேய் பிசாசு என்று பூசாரியைத் தேடிப் போகாதீர்கள். தைராய்டு கூடியவர்களில் ஆசிய ஆண்களுக்கு இப்படி வருவது தெரிந்த விஷயம். ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் திடீரென்று தசைக்குள் ஓடிவிடுவதால் வருகிறது, இதயத் துடிப்பையும் கெடுக்கும். தூக்கிக்கொண்டு நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், சரியாகிவிடும். பலருக்குத் தைராய்டு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிகிறது.

999 எப்போது

உட்கார்ந்திருக்கும்போதே நாடி 130, 140 என்று நிற்பது, அதோடு கடும் காய்ச்சல், வாந்தி, பேதி, ஆள் குழம்பிப்போய்ப் பேசுவது. இதைத் தைராய்டு புயல் என்பார்கள், உயிருக்கே ஆபத்து. மாத்திரையைத் திடீரென்று விட்டவர்களுக்கும், வேறு பெரிய காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தவர்களுக்கும் வரும். நெஞ்சு வலி, படுக்க முடியாத மூச்சுத் திணறல், வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, இதிலும் காத்திருக்க ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், புயலில் அது ஹார்மோனை இன்னும் கூட்டும், டெங்கியாக இருந்தால் ரத்தப்போக்கு வரும். பனடோல் போதும். வண்டியில் ஏறும்போது மாத்திரை டப்பாவை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

மாத்திரையோடு முடியாவிட்டால்

திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது கட்டியினால் வருகிறது என்றால் கதிரியக்க அயோடின் அல்லது அறுவைச் சிகிச்சை. இதயம் பாதித்த வயதானவர்களுக்கு டாக்டர்கள் இந்த அயோடினைத்தான் சீக்கிரமே சொல்வார்கள், ஏனென்றால் இன்னொரு தடவை தைராய்டு ஏறினால் அந்த இதயம் தாங்காது. பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, ஒரு கேப்சூலோ கொஞ்சம் தண்ணீரோ விழுங்குவது, அவ்வளவுதான். 1941-இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் முதன்முதலில் கொடுத்ததிலிருந்து உலகம் பூராவும் கொடுத்து வருகிறார்கள். பினாங்கு ஆஸ்பத்திரியிலும் புத்ராஜெயா தேசிய புற்றுநோய்க் கழகத்திலும் இதற்கான பிரிவு இருக்கிறது. புற்றுநோய் என்ற பெயரைப் பார்த்து உறவுக்காரர்கள் அழுவார்கள், முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

விழுங்கிய பிறகு சில நாள் சின்னப் பிள்ளைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியே இருக்க வேண்டும். லயத்து வீட்டில் பேரப்பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்கிறவர்களுக்கு இது லேசில்லை, போகும் முன்னாலேயே பிள்ளைகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் இது கிடையாது, எடுத்துக்கொண்ட பெண்கள் ஆறு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கிரேவ்ஸ் நோயினால் கண் பிதுங்கியிருப்பவர்களுக்கு, அதிலும் சிகரெட் பிடிப்பவர்களுக்கு, கண் இன்னும் மோசமாகலாம் என்பதால் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார். சிகரெட்டை விடுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

அயோடினோ அறுவைச் சிகிச்சையோ முடிந்த பிறகு தைராய்டு குறைந்துபோய், பெரும்பாலோர் லெவோதைராக்சின் மாத்திரையை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டிவரும். அதன் அளவு கூடினால் திரும்பவும் இதயம் ஓடும், அதனால் நாடி நோட்டை மூடிவைக்காதீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது டிஎஸ்எச் பாருங்கள்.

ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் என்றால், போக வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது, அதனாலேயே மாத்திரை தீர்ந்தும் போகாமல் இருக்கிறார்கள். மாத்திரைக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஃபார்மசி கவுன்டரில் எஸ்பியூபி வேண்டும் என்று சொல்லுங்கள், அடுத்தடுத்த மாத மாத்திரையை உங்கள் ஊர் கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ள எழுதித் தருவார்கள். ஈப்போவுக்கு டாக்டரைப் பார்க்கிற நாளில் மட்டும் போனால் போதும். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், எடுத்து வைத்திருப்பார்கள்.